கை நடுங்கினால் எல்லாம் ஒரே நோயா? ஒரு 200 வருடத் தேடலின் கதை

வயதான ஒருவரின் கை நடுங்கினால் நமது ஊர்களில் உடனே முடிவு சொல்லிவிடுவோம். "வாதம்" என்பார் ஒருவர். "வயது போனால் அப்படித்தான்" என்பார் இன்னொருவர். கொஞ்சம் வாசிப்பு உள்ளவர் "பார்க்கின்சன்" என்பார். மூன்று பேரும் பார்த்தது நடுக்கத்தை மட்டும்தான்.

வெளியே ஒரே மாதிரித் தெரியும் நடுக்கங்களுக்குள் வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய வைத்திய உலகமே ஏறத்தாழ 200 வருடங்கள் பாடுபட்டிருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் வருவது ஆறே ஆறு நோயாளிகள். அவர்களில் சிலர் அவரிடம் மருந்துக்கு வந்தவர்கள்கூட அல்ல, தெருவில் கண்டவர்கள். கை நடுக்கம், முன்னால் குனிந்த உடல், ஓடுவது போன்ற சிற்றடி நடை என்று கண்ணால் கண்டதை எழுதினார். இறந்தவரின் உடலை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. நோயின் இடம் கழுத்துப் பக்கத்து முண்ணாணாக இருக்கலாம் என்று ஊகித்தார். அந்த ஊகம் பிழைத்தது. ஆனால் அவர் கண்ட காட்சி பிழைக்கவில்லை.

அடுத்து பாரிஸ். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சால்பெத்ரியர் வைத்தியசாலையில் ஷார்கோ என்ற பேராசிரியர் முக்கியமான ஒரு வித்தியாசத்தைக் காட்டினார். சிலருக்குக் கை சும்மா இருக்கும்போது நடுங்குகிறது. வேறு சிலருக்கு ஒரு பொருளை எடுக்கப் போகும்போது நடுங்குகிறது. இரண்டும் ஒன்றல்ல. தலை நடுங்குகிறதா என்பதைத் தெளிவாகக் காண நோயாளியின் தலையில் நீண்ட இறகைப் பொருத்தியும் பார்த்தார். "பார்க்கின்சன் நோய்" என்ற பெயரை நிலைக்கச் செய்தவரும் அவர்தான்.

காரணம் தெரிய இன்னும் காலம் சென்றது. 1919இல் ட்ரெட்டியாகோஃப் என்ற ஆய்வாளர், இந்நோயாளிகளின் நடுமூளையில் கறுப்பாகத் தெரியவேண்டிய ஒரு சிறு பகுதி பழுதடைந்திருப்பதைக் காட்டினார். 1960இல் வியன்னாவில் ஏரிங்கர், ஹோர்னிகீவிச் இருவரும் டோபமைன் என்ற இரசாயனம் இவர்களின் மூளையில் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டனர். லெவோடோபா மருந்துக்கு வழி திறந்தது அங்கேதான்.

ஆனால் மருந்து வந்ததும் புதிய சிக்கல் ஒன்று தெரிந்தது. சிலருக்கு அது சரியாக வேலை செய்யவில்லை. 1964இல் டொரன்டோவைச் சேர்ந்த மூன்று வைத்தியர்கள் வேறொரு நோயை விவரித்தார்கள். இதில் நோயாளி ஆரம்பத்திலேயே அடிக்கடி விழுவார், கண்ணைக் கீழே இறக்கிப் பார்க்கச் சிரமப்படுவார். இது பி.எஸ்.பி. எனப்படுகிறது. எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் விழுவது, சிறுநீர்க் கோளாறு ஆகியவற்றோடு வரும் எம்.எஸ்.ஏ. என்ற நோய்க்கு 1969இல் பெயர் வந்தது.

1992இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். பார்க்கின்சன் என்று முடிவு செய்யப்பட்டு இறந்த 100 பேரின் மூளைகளை லண்டனில் பரிசோதித்தார்கள். 76 பேருக்கே அந்த நோய் இருந்தது. மீதி 24 பேருக்கும் வேறு நோய்கள். முடிவு சொன்னவர்கள் சாதாரண ஆட்களல்ல, நரம்பியல் நிபுணர்கள். சரியான விடை கிடைத்தபோது நோயாளி உயிரோடு இல்லை.

உயிரோடு இருக்கும்போதே உள்ளே பார்க்க முடியாதா? 1971இல் லண்டனில் ஒரு நோயாளிக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அது மூளையின் வடிவத்தைக் காட்டியதே தவிர டோபமைனைக் காட்டவில்லை. 1983இல் கனடாவின் ஹமில்டன் நகரில், கதிரியக்கம் ஏற்றிய ஒரு பொருளைச் செலுத்தி, உயிருள்ள மனிதரின் மூளையில் டோபமைன் இருக்கும் இடத்தைப் படமெடுத்தார்கள்.

2000இல் ஐரோப்பாவிலும் 2011இல் அமெரிக்காவிலும் டாட்ஸ்கேன் என்ற பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. இதை விளங்கிக்கொள்ளத் தமிழ்ப் பாடமே போதும். ஆரோக்கியமான மூளையில் இரண்டு பக்கமும் காற்புள்ளி போன்ற ஒளி தெரியும். பார்க்கின்சன் நோயில் அதன் வால் மறைந்து முற்றுப்புள்ளி போலாகிவிடும். எசென்ஷியல் ட்ரெமர் என்ற, குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடிய நடுக்கத்தில் காற்புள்ளி அப்படியே இருக்கும். வேறு நோய்களுக்குக் கொடுக்கும் சில மருந்துகளாலும் கை நடுங்கும், உடல் இறுகும். அப்போதும் பெரும்பாலும் படம் சரியாகவே இருக்கும்.

இது வெறும் பெயர் விஷயமல்ல. எசென்ஷியல் ட்ரெமர் உள்ளவருக்கு லெவோடோபா கொடுத்துப் பயனில்லை, அதற்கு வேறு மாத்திரை. மருந்தால் வந்த நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பதல்ல, காரணமான மருந்தை வைத்தியர் மாற்றுவதே வழி. பி.எஸ்.பி. என்று தெரிந்தால் விழாமல் காப்பதே குடும்பத்தின் முதல் வேலை.

இந்த ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ. நோய்களிலும் காற்புள்ளி கெட்டுவிடும். எனவே அவற்றைப் பார்க்கின்சனிலிருந்து பிரிக்க அது உதவாது. அங்கே எம்.ஆர்.ஐ. கைகொடுக்கலாம். பி.எஸ்.பி.யில் நடுமூளை சுருங்கி, பக்கவாட்டுப் படத்தில் நீண்ட அலகுள்ள சிறு பறவை போலத் தெரியும். எம்.எஸ்.ஏ.யில் சிலருக்கு மூளைத்தண்டில் குறுக்கு நெடுக்காகக் கோடுகள் தெரியும். ஆரம்ப காலத்தில் இவை தெரியாமலும் போகலாம்.

எந்த ஸ்கேன் தேவை, தேவையா என்பதையே வைத்தியர் தீர்மானிப்பது நோயாளியைப் பார்த்து, கதை கேட்டுத்தான். பார்க்கின்சனும் ஷார்கோவும் கண்ணால் செய்த வேலை இன்றும் முதல் வேலையாகவே இருக்கிறது.

அதில் வீட்டாருக்கும் பங்கு உண்டு. உங்கள் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ கை நடுங்கினால் கவனியுங்கள். சும்மா இருக்கும்போதா, தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதா? ஒரு கையிலா, இரண்டிலுமா? அடிக்கடி விழுகிறார்களா? குடும்பத்தில் வேறு யாருக்கும் நடுக்கம் இருந்ததா? என்னென்ன மாத்திரை குடிக்கிறார்கள்? இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் கொடுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் மூத்தவர்கள் உள்ள உறவுகளுக்கு இதை அனுப்பிவிடுங்கள்.