விளக்கு வெளிச்சத்தில் முளைத்த தென்துருவப் பாசி

பழைய சம்பா ரகங்களுக்கு நாள் பார்த்துச் சொல்ல யாரும் வேண்டாம். பகல் குறுகினால் தானே கதிர் விடும். இதே கணக்கு வைத்திருக்கிற செடி தென்துருவக் கடலடியிலும் உண்டு. அது தெரிய வந்த கதையை இன்று சொல்கிறேன்.

ஹிமாந்தோதாலஸ் என்பது அந்தப் பழுப்புப் பாசியின் பெயர். அதன் இலை 10 மீட்டருக்கு மேலும் நீளும். சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் கார்ல் ஸ்காட்ஸ்பெர்க் 1901-ல் கிளம்பிய கப்பலில் போய் அந்தப் பக்கத்துப் பாசிகளைச் சேகரித்தார். என்ன ஆச்சு? 1903 பிப்ரவரியில் பனிக்கட்டி நெருக்கிக் கப்பல் மூழ்கியது. சேகரித்ததில் பெரும்பகுதி அதோடு போச்சு. பனியைக் கடந்து தீவில் கரையேறியவர், 1907-ல் இந்தப் பாசிக்குப் பெயர் வைத்தார்.

பார்வைக்கு இது வடகடல் கெல்ப் பாசி மாதிரியே இருக்கும். அதனால் அந்தக் குடும்பத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். 1977-ல் அமெரிக்காவின் மோ, சில்வா இருவரும் இது வேறு குலம் என்று காட்டினார்கள்.

சரி, எந்த மாசம் முளைக்கிறது? குளிர்காலத்தில் மேலே கடல் உறைந்து கிடக்கும். போய்ப் பார்ப்பது லேசான காரியமல்ல. வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1980-களில் ஜெர்மனியின் பிரெமர்ஹாவன் ஊரில், ஆல்ஃபிரட் வெகனர் ஆராய்ச்சி நிலையத்தில் கிறிஸ்டியன் வீன்கே அதைச் செய்தார். கிங் ஜார்ஜ் தீவுப் பாசிகளைக் குளிர் அறையில் வளர்த்தார். அந்தத் தீவில் நடுக்குளிரில் பகல் 5 மணி நேரம், நடுக்கோடையில் 20 மணி நேரம். அதே கணக்கில் விளக்கு எரியும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒரு துருவ வருஷத்தையே அறைக்குள் நடத்தினார்.

பலன் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத ஆண், பெண் செடிகள் குறும்பகலில்தான் கருவுக்குத் தயாராயின. குளிர் முடியுமுன்பே இளம் பாசி வளரத் தொடங்கியது. வீன்கேயும் ஆஸ்திரேலியாவின் மார்கரெட் கிளேட்டனும் இதன் வாழ்க்கைச் சுற்றை 1990-ல் வெளியிட்டார்கள். உலர்ந்த இலை சொல்லாததை நாற்று சொல்லிவிட்டது.

இன்னொன்றும் தெரிந்தது. பெரிய பாசி 5 டிகிரி சென்டிகிரேடு வரைதான் வளரும். 13 டிகிரியைத் தாண்டினால் பிழைக்காது. தண்ணீர் சூடேறினாலும் பகலின் நீளம் மாறாது. பாசி நாள் தவறாமல்தான் முளைக்கும். ஆனால் நாள் தவறாத நாற்றும் வெந்நீரில் நிற்காது, இல்லீங்களா?