தடிப்பும் படிவும்: கழுத்துத் தமனி ஆய்வு வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

கழுத்துத் தமனியை அல்ட்ராசவுண்டில் பார்த்து மாரடைப்பை முன்னறியும் முயற்சி 1991இல் எழுந்து 2012இல் வீழ்ந்தது என்பார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது டென் ரைட்டர் குழுவினர் 2012இல் ‘ஜாமா’ இதழில் வெளியிட்ட தொகுப்பாய்வு. 14 ஆய்வுகள், 45,828 பேர். வயது, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கொண்ட வழக்கமான கணக்கோடு தமனிச் சுவரின் தடிப்பையும் சேர்த்தார்கள். ஆட்களைச் சரியான ஆபத்து வகைக்கு மாற்றுவதை அளக்கும் நிகர மறுவகைப்பாடு 0.8 சதவீதம் மட்டுமே மேம்பட்டது. நடுத்தர ஆபத்துள்ளோரிடம் 3.6. மருத்துவப் பயன் இருக்க வாய்ப்பில்லை என்று முடித்தார்கள். 2010இல் இந்த அளவீட்டை ஏற்றிருந்த அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் வழிகாட்டுதல், 2013இல் வழக்கமான பரிசோதனையாக வேண்டாம் என்றது.

கணக்கில் எனக்கு வழக்கில்லை. அதை ஸ்கேன் முழுமைக்குமான தீர்ப்பாக வாசிப்பதையே மறுக்கிறேன். அளக்கப்பட்டது பொதுக் கழுத்துத் தமனி, அதாவது கிளை பிரியுமுன் உள்ள நேரான பகுதி. தமனிச் சுவரில் கொழுப்புப் படிவுகள் பெரும்பாலும் சேர்வதோ ரத்த ஓட்டம் குலையும் கிளைப்பிரிவிலும் உட்கழுத்துத் தமனியின் தொடக்கத்திலும். மேலும், மிலானில் பிக்னோலி குழு 1986இல் முன்வைத்த இந்த அளவே உட்படலமும் நடுப்படலமும் சேர்ந்த தடிப்பு. படிவு உட்படலத்தின் நோய். நடுப்படலம் வயதாலும் ரத்த அழுத்தத்தாலும் தடிக்கும். அவ்விரண்டும் ஏற்கெனவே கணக்கில் இருக்கையில், இந்தத் தடிப்பு புதிதாக எதைச் சொல்லிவிடும்?

இதற்கு வலுவான சான்று ஜாமா கட்டுரைக்கு ஓராண்டு முன்பே அச்சாகியிருந்தது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் இதய ஆய்வில் பங்கேற்றோரின் வழித்தோன்றல்கள் 2,965 பேரைப் பற்றி போலக்கின் குழு 2011இல் எழுதியது அது. பொதுத் தமனியின் தடிப்பு, உட்கழுத்துத் தமனியின் உச்சத் தடிப்பு ஆகிய இரண்டுமே பின்னர் வந்த இதய, ரத்தநாள நோய்களோடு தொடர்பு காட்டின. ஆனால் மறுவகைப்பாட்டில் முன்னது தந்தது 0.0, பின்னது 7.6 சதவீதம். உட்தமனியில் 1.5 மி.மீ.க்கு மேற்பட்டதைப் படிவெனக் கொண்டபோது 7.3. மக்கள் அவர்களே, ஆய்வும் அதுவே. அளந்த இடம்தான் வேறு.

என் வாசிப்புக்கு எதிரான சான்றும் உண்டு. 13,145 பேரைக் கொண்ட அமெரிக்க ‘ஏரிக்’ ஆய்வில் (2010) தடிப்பும் படிவும் தனித்தனியே ஏறத்தாழ ஒரே அளவுக்கே கணிப்பை மேம்படுத்தின. இரண்டையும் சேர்த்தும் கணிப்புத் திறன் 0.742இலிருந்து 0.755க்குத்தான் ஏறியது. ஆனால் அங்கே தடிப்பென்பது கிளைப்பிரிவையும் உட்தமனியையும் சேர்த்தெடுத்த சராசரி. படிவு அதற்குள்ளேயே புகுந்துவிடுகிறது. அந்தச் சமநிலைக்கு இதுவே காரணம் என்பது என் ஊகம், நிரூபணமல்ல.

தடிப்பிலிருந்து படிவு எப்போது தனி அளவாகப் பிரிந்தது? மன்ஹைம் இணக்க அறிக்கை (2004) படிவுக்கு வரையறை தந்தது. ஸ்பென்ஸ் 2002இலேயே படிவின் பரப்பளவை முன்வைத்தார். நான் இன்னும் பின்னே போவேன். கிழக்கு ஃபின்லாந்தின் குவோப்பியோவில் 1,288 ஆண்களை ஆராய்ந்த சலோனன்கள், 1991லேயே தடிப்பு, படிவு, அடைப்பு எனப் பிரித்து, ஆபத்து அவ்வரிசையில் ஏறுவதைக் காட்டினார்கள். மாரடைப்புகள் வெறும் 24 என்பதால் அந்த எண்களின் மேல் பாரம் ஏற்ற முடியாது. ஆனால் பாகுபாடு தொடக்கத்திலேயே இருந்ததென்று காட்ட 24 போதும். அது பொது வழக்கானது எந்த ஆண்டில் என்பதை மட்டும் உறுதியாகக் குறிக்க இயலவில்லை.

2021 ஐரோப்பிய வழிகாட்டுதல் தடிப்பை விட்டுவிட்டது. இதயத் தமனிகளின் கால்சியம் அளவைப் பார்க்க இயலாத இடத்தில், நடுத்தர ஆபத்துள்ளோருக்குக் கழுத்துத் தமனிப் படிவைக் கணக்கில் கொள்ளலாம் என்கிறது.