சொல்லில் ஒளிந்த எண்

எண்ணைக் குறிக்க இலக்கம் வேண்டும் என்பது நம் இயல்பான எண்ணம். ஆயின், எண்ணைச் சொல்லுக்குள் பொதிந்து வைக்கும் முறையொன்று கேரள நாட்டில் பல நூற்றாண்டுகள் வழங்கி வந்தது. கடபயாதி என்பது அதன் பெயர். 7ஆம் நூற்றாண்டிலேயே வானநூல் வல்லுநர் ஹரிதத்தர் இதனைக் கையாண்டார்.

விதி எளியது. வடமொழி மெய்யெழுத்துகளுள் க, ட, ப, ய என்னும் நான்கும் ஒன்றைக் குறிக்கும். அவற்றைத் தொடர்வன இரண்டு, மூன்று என வளரும். மெய்யோடு சேர்ந்த உயிருக்கு மதிப்பில்லை. கிடைத்த எண்களை வலமிருந்து இடமாகப் படித்தல் வேண்டும். சங்கீதம் பயின்ற நேயர்கள் இதனை அறிவர். மாயாமாளவகௌளையில் மா ஐந்து, யா ஒன்று, திருப்பினால் 15. மேளகர்த்தா வரிசையில் அதன் இடம் அதுவே.

எண்ணைச் செய்யுளாக்கியதன் பயன் யாது? செய்யுள் மனத்தில் நிற்கும். சங்கமகிராமத்து மாதவர், 14ஆம் நூற்றாண்டில் தாம் கண்ட 24 சைன் மதிப்புகளை இவ்வாறே யாத்து வைத்தார். ஆயின், செய்யுளைக் கூட்டவோ பெருக்கவோ இயலாது. அதற்கு எண்ணை வெளியே எடுத்துச் சோழிகளைப் பரப்ப வேண்டும். நினைவுக்கு ஒரு குறியீடு, செயலுக்கு வேறொன்று!

தருக்க நூலிலும் இந்நிலையே இருந்தது. சொற்களால் நடந்த வாதத்தை 1854இல் ஜார்ஜ் பூல் இயற்கணிதக் குறிகளால் எழுதிக் காட்டினார். பொருளை ஆராயாமலே, விதிப்படி குறிகளை மாற்றி விடை காண வழி பிறந்தது. பொருளறியாப் பொறிக்கும் அது எட்டுவதாயிற்று. 1938இல் கிளாட் ஷானன் அக்குறிகளை மின்சுற்றுகளோடு பொருத்திக் காட்டினார். கணினிக்கு அஃது அடிப்படையாயிற்று.

குறியீடு எண்ணத்தின் ஆடை மட்டுமன்று என்பதற்கு நம் வரிவடிவமே சான்று. கரஹரப்ரியாவின் முதலெழுத்து வடமொழியின் இரண்டாம் ககரம். ஆதலின் அதன் எண் 22. தமிழில் ககரம் ஒன்றே. அதனை முதற் ககரமாகக் கொண்டால் 21 வரும். அது கீரவாணியின் எண். ஓரெழுத்து வேற்றுமை மறைந்தால் இராகமே மாறுகிறது. வானநூற் கணக்கிலோ கோளின் நிலையே பிசகும்.

திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் ஓலைகளைக் காத்து வருகிறது. அதே நகரில் 1990இல் டெக்னோபார்க் எழுந்தது. அன்று எண்ணை எழுத்தாக்கினர். இன்று கணினி எழுத்தை எண்ணாக்குகிறது. ஒருங்குறியில் தமிழ்க் ககரத்தின் எண் 2965. மலையாளத்தின் முதலிரு ககரங்களுக்கு 3349, 3350.

ஆகவே, இத்தகைய ஓலைகளைத் தமிழில் பெயர்த்தெழுதுவோர் ஒன்றை மறத்தலாகாது. நம் பதிப்பாளர்கள் ககரத்தின் மேல் இடும் சிறிய 2 என்னும் குறியை விட்டுவிட்டால், சொல் பிழைக்கும், எண் இறந்துபடும்.