4 இன்ச் சட்டம்: குட்டி ஆமையும் குழந்தைகளும்

கொஞ்சம் நீளமான வரலாற்று இழை இது. பிள்ளை ஆசைப்பட்டுச்சேன்னு மீன் கடையில் ஒரு குட்டி ஆமை வாங்கி வந்திருப்பவர்களும், வாங்கலாமா என யோசிப்பவர்களும் கடைசி வரை படிங்க.

அமெரிக்காவில் ஒரு விசித்திரமான சட்டம் இருக்கிறது. ஓட்டின் நீளம் 4 இன்ச்சுக்குக் குறைவாக உள்ள ஆமையைச் செல்லப்பிராணியாக விற்கக் கூடாது. அதாவது சுமார் 10 சென்டிமீட்டர். அதற்குப் பெரிய ஆமைக்கு இந்தத் தடை கிடையாது. 1975ல் வந்த சட்டம், இன்றும் அமலில் இருக்கிறது.

குட்டிக்குத் தடை, பெரிசுக்கு அனுமதி. கேட்க வேடிக்கையா இருக்குல்ல? இதுக்குப் பின்னாடி லட்சக்கணக்கான பேரின் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் இருக்கு. அந்தக் கதையைப் பார்ப்போம்.

1950, 60களின் அமெரிக்கா. மலிவு விலைச் சாமான் கடைகளில் பொம்மைகளுக்குப் பக்கத்திலேயே உயிருள்ள ஆமைக்குட்டிகளும் விற்பனைக்கு இருக்கும். ரூபாய் நாணயம் அளவுக்குச் சற்றுப் பெரிய, பச்சை நிற ஓடு. கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு. அதனால் இதற்கு ரெட் இயர்டு ஸ்லைடர், அதாவது சிவப்புக் காது ஆமை என்று பெயர். மிசிசிப்பி ஆற்றுப் படுகைதான் இதன் தாய்வீடு. லூசியானா மாநிலத்தில் பண்ணை வைத்து, முட்டை பொரித்து, நாடு முழுக்க அனுப்பினார்கள்.

கூடவே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், நடுவில் ஒரு பிளாஸ்டிக் பனைமரம். குட்டியின் ஓட்டில் பூ, பெயர் எல்லாம் பெயின்ட்டில் வரைந்து விற்றதும் உண்டு. பெரும்பாலான குட்டிகள் சீக்கிரமே செத்துப் போயின. வெயில் இல்லை, சரியான தீனி இல்லை. செத்தா இன்னொன்னு வாங்கிக்கலாம், விலை கம்மிதானே!

ஆமை செத்தது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோதுதான் கவனம் ஆமைப் பக்கம் திரும்பியது.

இங்கே நம்ம வில்லனை அறிமுகப்படுத்தணும். சால்மோனெல்லா. 1885ல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித் என்பவர் பன்றிகளிடம் கண்டறிந்த பாக்டீரியா. அவருடைய மேலதிகாரி டேனியல் சால்மன் பெயரை அதற்கு வைத்தார்கள். (உழைச்சது ஒருத்தர், பேர் இன்னொருத்தருக்கு. அப்பவும் அப்படித்தான்!) இதில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. டைபாய்டு தருவதும் இந்தக் குடும்பம்தான், ஆனால் டைபாய்டு கிருமி மனிதரிடம் மட்டுமே வாழும். ஆமையிடம் இருப்பவை வேறு வகைகள்.

ஆமை, பல்லி, பாம்பு போன்ற ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா சர்வசாதாரணமாகக் குடியிருக்கும். ஆமைக்கு ஒன்றும் ஆகாது. நல்லாச் சாப்பிடும், சுறுசுறுப்பா நீந்தும். ஆனால் அதன் மலத்தில் கிருமி வெளியேறும், கிண்ணத்துத் தண்ணீர் முழுக்கக் கலக்கும், ஓட்டிலும் தோலிலும் ஒட்டும். குழந்தை அந்தத் தண்ணீரில் கை விட்டு அளையும், பிறகு அதே கையை வாயில் வைக்கும். கதை முடிந்தது.

1960களில் அமெரிக்க மருத்துவர்கள் குழந்தைகளின் மலத்திலும் வீட்டு ஆமையின் தண்ணீரிலும் ஒரே வகை சால்மோனெல்லா இருப்பதைக் கண்டு அடுத்தடுத்து எழுத ஆரம்பித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் ஒரு மதிப்பீடு வந்தது. ஆமையால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2,80,000 பேருக்கு சால்மோனெல்லா தொற்று. நாட்டின் மொத்த சால்மோனெல்லா தொற்றுகளில் 14 சதவீதம். ஏழு பேரில் ஒருவருக்கு, காரணம் கெட்டுப்போன முட்டையோ கோழியோ இல்லை, வரவேற்பறையில் இருந்த அந்தக் கிண்ணம்!

உடனே தடை போட்டுவிட்டார்களா? இல்லை. முதலில் நடுவழி ஒன்றைத் தேடினார்கள்.

1972ல் வந்த விதி இதுதான்: கிருமி இல்லை என்று சான்றிதழ் பெற்ற ஆமைகளை மட்டுமே மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பலாம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா தோத்துப் போச்சு. ஏன்?

ஆமை எல்லா நாளும் கிருமியை வெளியேற்றாது. இன்று சோதித்தால் இல்லை என்று வரும். அடுத்த வாரம் லாரியில் குலுங்கி, இடம் மாறி, பயந்துபோன அதே ஆமை கிருமியைக் கொட்டும். சான்றிதழ் கையில் இருக்கும், கிருமி கிண்ணத்தில் இருக்கும். இந்தப் பாடத்தை மறக்காதீங்க. "டெஸ்ட் பண்ணிட்டோம் சார், சுத்தமான ஆமை" என்று யார் சொன்னாலும் அது அந்த ஒரு நாளுக்கான உண்மை மட்டுமே.

அதனால்தான் 1975ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வேறு மாதிரி யோசித்தது. ஆமையைச் சுத்தமாக்க முடியாது. ஆமையைக் குழந்தையின் கையிலிருந்து விலக்க முடியும். சின்னக் குழந்தைகள் பொம்மை மாதிரி கையில் தூக்குவதும், முத்தம் கொடுப்பதும், வாய்க்குள் போடுவதும் குட்டி ஆமையைத்தான். ஓடு 4 இன்ச் ஆகிவிட்டால் அது வாய்க்குள் போகாது. இதுதான் அந்த அளவுக்குப் பின்னால் இருக்கும் எளிய கணக்கு. ஆராய்ச்சி, கல்வி, கண்காட்சிக்கு விலக்கு கொடுத்தார்கள்.

பண்ணைக்காரர்களுக்குப் பலத்த அடி. லூசியானா மாநில அரசே நீதிமன்றம் போனது. 1977ல் தீர்ப்பு: தடை செல்லும்.

பலன்? 1980ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு சொன்னது: இந்தத் தடை ஆண்டுக்குச் சுமார் 1,00,000 குழந்தைகளைத் தொற்றிலிருந்து காப்பாற்றியது. புது மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. ஒரு அளவுகோல் மட்டும்!

பண்ணைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. முட்டைகளை ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கரைசலில் நனைத்துக் கிருமியை ஒழிக்கப் பார்த்தார்கள். கிருமி குறைந்தது, முழுசாக ஒழியவில்லை. மிஞ்சியதில் ஜென்டாமைசினுக்கு அடங்காத சால்மோனெல்லா கிளம்பியது. ஆன்டிபயாட்டிக்கைக் கண்டபடி பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

சட்டம் இருந்தும் சந்தைகளிலும் தெருவோரங்களிலும் கள்ளத்தனமாக விற்பனை தொடர்ந்தது. 2007ல் ஃபுளோரிடாவில் பிறந்து சில வாரங்களே ஆன ஒரு பெண் குழந்தை சால்மோனெல்லாவால் இறந்தது. வீட்டில் ஒரு குட்டி ஆமை இருந்தது. இரண்டிலும் ஒரே கிருமி. அந்த வயதுக் குழந்தை ஆமையைத் தேடிப் போய்த் தொடாது. தொட்டவர் கையே போதும்.

சரி, அமெரிக்காவில் விற்க முடியாத குட்டிகள் எங்கே போயின? வெளிநாடுகளுக்கு! லட்சக்கணக்கில் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் ஏற்றுமதி ஆயின. வளர்ந்த பிறகு சமாளிக்க முடியாதவர்கள் குளத்தில் விட, அங்கிருந்த நாட்டு ஆமைகளின் இடத்தை இது பிடித்துக்கொண்டது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் இனங்களில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 1997ல் இறக்குமதியையே தடை செய்தது.

நம்ம ஊர் மீன் தொட்டிக் கடைகளில் பச்சையா, காதோரம் சிவப்பா நீந்துற குட்டி இருக்கே, அதேதான் இது.

இப்போ உங்க வீட்டு ஆமைக்கு வருவோம்.

முதலில் என்ன ஆமை என்று பாருங்க. விரல்களுக்கு நடுவே சவ்வு, தட்டையான பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் சிவப்புக் காது ஆமை. நீர் ஆமை. கால்கள் யானைக்கால் போலத் தடித்து, மேடான ஓட்டில் மஞ்சள் கதிர்கள் நட்சத்திரம் போல விரிந்திருந்தால் அது நட்சத்திர ஆமை. நில ஆமை, தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மூழ்கிச் சாகும். அதைவிட முக்கியம், அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. வீட்டில் வளர்ப்பது குற்றம். வனத்துறையிடம் ஒப்படைச்சிடுங்க.

சிவப்புக் காது ஆமை என்றால், சின்னக் கிண்ணம் போதாது. வளர்ந்த பெட்டை 25 சென்டிமீட்டர் தாண்டும், 20, 30 வருஷம் வாழும். நீந்த ஆழமான தண்ணீர், ஏறி உடம்பைக் காயவைக்க ஒரு கல் மேடு, வெயில் வேண்டும். கண்ணாடி வழியா வரும் வெயில் பத்தாது. வெயில் இல்லைன்னா வைட்டமின் டி இல்லை, ஓடு மெத்தென்று ஆகிவிடும். நம்ம குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் போலத்தான்.

அடுத்து உங்க பாதுகாப்பு:

* 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை, வயதான பெரியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் ஆமை வேண்டாம்.

* தொட்டாலும், தண்ணீர் மாற்றினாலும், தீனி போட்டாலும் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவணும்.

* ஆமைத் தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவவே கழுவாதீங்க. குழந்தையைக் குளிப்பாட்டும் இடத்திலும் வேண்டாம். தனி வாளி, தனி பிரஷ்.

* முத்தம் கொடுப்பது, சாப்பாட்டு மேசையில் நடக்க விடுவது கூடாது.

* வளர்க்க முடியலைன்னு குளத்திலோ ஏரியிலோ விட்டுடாதீங்க. பொறுப்பாக வளர்ப்பவரிடம் கொடுங்க.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல், வயிற்று வலி, வயிற்றுப்போக்கு வந்தால் "எங்க வீட்ல ஆமை இருக்கு டாக்டர்" என்று நீங்களாகவே சொல்லுங்க. ஹோட்டல்ல சாப்பிட்டீங்களான்னு கேட்போம், தண்ணி எங்க குடிச்சீங்கன்னு கேட்போம், ஆமை வளர்க்கிறீங்களான்னு எங்களில் பலர் கேட்பதில்லை. பெரும்பாலும் ஓஆர்எஸ் கரைசலும் ஓய்வும் போதும், ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது. ஆனா மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்க. ரத்தத்துக்கும் மூளை உறைக்கும் கிருமி பரவ வாய்ப்பு அதிகம்.

ஆமை மேல் தப்பே இல்லை. அதன் குடலில் அது பிறவி வழக்கப்படி வைத்திருக்கும் கிருமி அது. அதைப் பொம்மையாக்கி, பொம்மை வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தது நாமதான்.

பிள்ளை அடம்பிடிச்சா, "இன்னும் கொஞ்சம் பெரிய ஆளா ஆனதும் வாங்கலாம்"னு சொல்லுங்க. அதுவரை ஆமை பொம்மை போதும்.

பயனுள்ளதாக இருந்தால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குப் பகிருங்கள்.