யார் துவைத்தது?

நீலகிரியில் துணி டயப்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வருகிற கேள்வி வெயில். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மழை விட்டால் மூடுபனி. காலையில் கொடியில் போட்ட துணி சாயங்காலம் எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் நனைந்திருக்கும். “டயப்பரெல்லாம் எதுக்கு, நாங்கள்லாம் துணியிலயே வளர்த்தோம்” என்று ஃபோனில் சொல்லும் சமவெளிப் பெரியம்மாக்களிடம் மொட்டைமாடியும் மதிய வெயிலும் இருக்கின்றன. மலையில் வளர்த்தவர்களிடம் இருந்தது குமுட்டி. கரி கனன்றுகொண்டிருக்கும் குமுட்டியின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியைப் பரப்பிக் காயவைப்பார்கள். குழந்தையின் துணியில் எப்போதும் லேசாகப் புகை வாசம் இருக்கும்.

துணி என்றால் கடையில் வாங்கியது இல்லை. பழைய வேட்டி, நைந்த நூல்புடவை. நூறு தடவை துவைத்து மெத்தென்று ஆனதுதான் பச்சைப்பிள்ளைக்கு ஆகும். மறுபயன்பாடு என்று இன்று நாம் பெயர் வைத்துக் கொண்டாடுவது அன்று சாதாரண வீட்டு வழக்கம். இந்த இடத்தில் பலர் பெருமூச்சு விட்டு, ‘அந்தக் காலம்’ என்று கட்டுரையை முடித்துவிடுவார்கள். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தத் துணியை யார் துவைத்தது?

தமிழ்க் கிராமங்களில் பிரசவத் தீட்டுத் துணியை எடுத்துப்போய் வெளுப்பது வண்ணார் பெண்களின் வேலை என்று ஊர் வகுத்து வைத்திருந்தது. தலித் குடும்பங்களுக்கு வெளுக்கப் புதிரை வண்ணார். கூலியாகத் தானியமும் சோறும். தீட்டு நாட்கள் முடிந்த பிறகு பிள்ளைத் துணி அம்மாவின், பாட்டியின் கைக்கு வரும். அப்பாவின் கைக்கு வந்ததாக நான் எந்த வீட்டிலும் கேள்விப்படவில்லை.

ஊட்டியில் இதே கதைக்கு இன்னொரு கிளை உண்டு. 1870களிலிருந்து மதராஸ் அரசாங்கம் கோடைக்கு இங்கேதான் இடம்பெயர்ந்தது. பங்களாக்களில் வெள்ளைக்காரக் குழந்தைகள் வளர்ந்தன. அவற்றின் துணியைக் கழற்றி மாற்றியவர்கள் ஆயாக்கள். ‘ஆயா’ இந்த வேலைக்குப் பெயரானது போர்ச்சுகீசிய மொழி வழியாக. தமிழிலோ ஆயா என்றால் பாட்டியும்கூட. கூலிக்குச் செய்பவளுக்கும் பாசத்தால் செய்பவளுக்கும் ஒரே சொல் வாய்த்தது தற்செயல்தான். ஆனால் வேலை ஒன்றுதான்.

தேயிலைத் தோட்டத்தில் இந்த வேலை சட்டத்துக்குள்ளேயே வந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பிரிவு 12: 50 அல்லது அதற்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் நிர்வாகம் குழந்தைகள் காப்பகம் நடத்த வேண்டும் என்றது. 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் 12 வாரம் விடுப்பு கொடுத்தது. பிரசவத்துக்கு முன் 6 வாரம் எடுத்தால் பின்னால் மிஞ்சுவது 6 வாரம். ஒன்றரை மாதக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, அம்மா கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவாள். பகலெல்லாம் அந்தக் குழந்தையின் ஈரத்துணியை மாற்றுவது காப்பகத்து ஆயா. சாயங்காலம் திரும்பி வந்தால் லைன் வீட்டுப் பொதுக் குழாயில் வரிசை. பறித்த கொழுந்துக்கு எடை போட்டுக் கணக்கு எழுதினார்கள். துவைத்த துணிக்குக் கணக்கு எழுத யாரும் இல்லை.

இந்த அலுப்பு நம் ஊருக்கு மட்டுமானது இல்லை. இங்கிலாந்தில் வேலரி ஹன்டர் கார்டன், 1947இல் மூன்றாவது குழந்தை பிறந்தபோது, இனித் துவைக்க முடியாது என்று பழைய பாராசூட் நைலானை வெட்டித் தைத்து, உள்ளே தூக்கியெறியும் பஞ்சுத் திண்டு வைத்தார். அமெரிக்காவில் மேரியன் டோனவன் குளியலறைத் திரையை வெட்டி, ஈரம் வெளியே கசியாத உறையைத் தைத்தார்; 1951இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டுமே அம்மாக்கள் தையல் மெஷினில் கண்டுபிடித்தவை. கம்பெனிகளும் வந்தன. பாம்பர்ஸ் 1961இல் சந்தைக்கு வந்தது. அதற்கு முந்தைய சோதனை டெக்சாஸின் கோடையில் படுதோல்வி. அந்தப் பிளாஸ்டிக் ஜட்டியை வெயிலில் எந்தக் குழந்தையாலும் தாங்க முடியவில்லை. 1980களில் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற உறிஞ்சும் பொடி உள்ளே வந்ததும் டயப்பர் மெலிந்தது. நமக்குத் தாராளமயத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது இதுதான்.

ஆக, டயப்பரை ‘சோம்பேறி அம்மாக்களின் வசதி’ என்பது வரலாறு தெரியாத பேச்சு. பல நூற்றாண்டு இலவச உழைப்புக்கு எதிராகப் பெண்கள் கண்டுபிடித்த வழி அது.

ஆனால் வேலை ஒழிந்துவிடவில்லை, கை மாறியது. கணக்குப் போடுவோம். நாளுக்கு 6 டயப்பர் என்றால் இரண்டரை வருடத்தில் கிட்டத்தட்ட 5,500. ஊட்டியின் குப்பை தீட்டுக்கல்லுக்கும் குன்னூரின் குப்பை ஓட்டுப்பட்டறைக்கும் போகிறது. நாம் சுருட்டி வீசியதை அங்கே பிரித்தெடுப்பது ஒரு தூய்மைப் பணியாளரின் கை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், பயன்படுத்திய டயப்பரைத் தனியாகப் பொதிந்து கொடுக்க வேண்டும் என்று கூறின; அதற்கான உறையை உற்பத்தியாளர் தர வேண்டும் என்றும் கூறின. பிளாஸ்டிக் பைக்கு எதிராக மாநிலத்துக்கே முன்னால் கிளம்பிய மாவட்டம் நீலகிரி. 2019இல் தமிழ்நாடு 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தடைசெய்தது. அந்தப் பட்டியலில் டயப்பர் இல்லை. பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் அதில்தான் இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

அப்படியானால் துணிதானே பதில்? பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் இதை அளந்து பார்த்தது. இரண்டரை வருடத்துக்குக் கரியமில உமிழ்வு டயப்பருக்குச் சராசரியாக 550 கிலோ, துணிக்கு 570 கிலோ. துணி ஜெயிக்கவில்லை. ஆனால் மெஷின் நிறையத் துணி போட்டு, கொடியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் சுமார் 200 கிலோ குறைகிறது. அதாவது விடை துணியில் இல்லை, துவைக்கும் விதத்தில் இருக்கிறது. நம் ஊரில் கொடிதான் பழக்கம் என்பதால் பாதிக் கணக்கு நமக்குச் சாதகம். குன்னூர் நவம்பரில் அது தலைகீழாகும். ஹீட்டர் போட்டுத் துணி காயவைத்தால் அந்த 200 கிலோ எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் மலையில் நடைமுறைக்கு ஒத்து வருவது கலவைதான். வெயில் அடிக்கும் மாதங்களில் பகலில் துணி, ராத்திரிக்கும் பயணத்துக்கும் அடைமழைக்கும் டயப்பர். கூடவே காயவைக்கக் கூரை போட்ட ஒரு திண்ணை.

ஆனால் இந்தத் திட்டத்தைச் செயல்படுத்துவது யார்? 2017இல் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. அந்தச் சட்டத்தில் தந்தைக்கு ஒரு நாள்கூட இல்லை. பசுமைக் குடும்பமாக இருக்க வீட்டில் இருவரும் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள்; பக்கெட்டின் முன்னால் குத்தவைத்து உட்காருவது ஒருவர். வண்ணார் பெண், ஆயா, அம்மா, தூய்மைப் பணியாளர் என்று நீளும் அந்த வரிசையில் அப்பாவின் பெயர் வந்த பிறகு, துணியா டயப்பரா என்று பேசலாம். அதுவரை துணியின் அருமையை எடுத்துச் சொல்லும் தகுதி, இன்றைக்குத் துவைத்தவருக்குத்தான் உண்டு.