கைது செய்பவரின் கை எங்கே நிற்க வேண்டும்?



கையிலோ காலிலோ மாவுக்கட்டுடன் கைதிகள் நிற்கும் படங்களை நாளிதழ்களில் காண்கிறோம். தப்பியோடும்போது தவறி விழுந்தார், கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்று கீழே காரணம் அச்சாகியிருக்கும். அதை நம்புகிறவர் எவருமில்லை, வருந்துகிறவரும் அதிகமில்லை. தேநீர்க் கடையில் அமர்ந்து சிரிக்கிறோம். "ரவுடிக்கு வேண்டியதுதான்" என்கிறோம். தொழுகைக்கு வருகிற நாமும்தான்.

குற்றம் சுமத்தப்பட்டவரைப் பிடிக்க பலம் தேவைப்படலாம். ஷரீஅத் அதை மறுக்கவில்லை. ஓடுகிறவரை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க முடியாது. ஆனால் தாக்க வருபவரைத் தடுப்பது பற்றிய பாடத்தில் நம் ஃபிக்ஹு நூல்கள் ஒரு படிவரிசையை வகுத்துள்ளன. சொல்லால் அடங்குபவர் மீது கை வைக்கக் கூடாது. கையால் அடங்குபவர் மீது தடியை எடுக்கக் கூடாது. எதிர்ப்பு நின்றதும் பலமும் நின்றுவிட வேண்டும். அதற்குப் பின் விழும் அடி தடுப்பு அல்ல, தண்டனை. தண்டனை வழங்குவதோ காழியின் பொறுப்பு.

ஹிஜ்ரி 36-இல் (கி.பி. 656) முஸ்லிம்களுக்குள்ளேயே மூண்ட வேதனைக்குரிய ஜமல் போரில் அலீ (ரலி) அவர்கள் இட்ட கட்டளை இதற்குச் சான்று. புறமுதுகிட்டு ஓடுபவரைத் துரத்தக் கூடாது, காயமுற்றவரைக் கொல்லக் கூடாது, கைதியைக் கொல்லக் கூடாது என்றார்கள். வாளேந்தி நின்றவருக்கே இந்தப் பாதுகாப்பு இருந்தது.

பின்னர் பக்தாதில், கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் (ஆட்சி கி.பி. 786–809) கேட்டுக்கொண்டதற்கிணங்கத் தலைமைக் காழி இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் 'கிதாபுல் கராஜ்' என்ற நூலை எழுதினார்கள். பெயரளவில் அது நிலவரி நூல். ஆனால் கைதிகளைப் பற்றியும் அதிகாரிகளின் அத்துமீறல் பற்றியும் அதில் அவர்கள் எழுதியிருப்பது நம் கவனத்திற்குரியது. வெறும் சந்தேகத்தின் பேரிலேயே ஒருவரை 200, 300 அடிகள் அடிப்பதாகத் தமக்குச் செய்தி எட்டியிருப்பதை கலீஃபாவுக்கே எடுத்துரைத்து, இது ஆகுமானதல்ல என்கிறார்கள். திருட்டுச் சந்தேகத்திற்குள்ளானவரை அடிக்கவோ மிரட்டவோ கூடாது; அவ்வாறு பெற்ற வாக்குமூலம் செல்லாது. பட்டினி போட்டாலோ, பயமுறுத்தினாலோ, அடைத்து வைத்தாலோ மனிதன் தனக்கு எதிராகவே பேசிவிடுவான் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் கூறியதையும் ஆதாரமாகத் தருகிறார்கள்.

அக்காலத்தில் கைதிகளைச் சங்கிலியோடு வெளியே அனுப்பி யாசகம் கேட்க வைத்தார்கள். அதை நிறுத்தி, பைத்துல்மாலிலிருந்து மாதந்தோறும் படி வழங்குமாறு இமாம் அவர்கள் கோரினார்கள். அதையும் ரொட்டியாகத் தராமல் பணமாகத் தர வேண்டுமாம்; ரொட்டி என்றால் சிறை அதிகாரிகளே எடுத்துக்கொண்டு விடுவார்கள்! அதிகாரிகளை அந்தக் காழி நன்றாகவே அறிந்திருக்கிறார்.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு முரண்பட்டதல்ல. கைதின்போது காவலர்கள் பின்பற்ற வேண்டிய 11 நெறிமுறைகளை 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. கைதானவர் கேட்டால் அவர் உடலிலுள்ள காயங்களைப் பரிசோதித்துப் பதிவு செய்வதும் அவற்றுள் ஒன்று. தப்பியோடாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 46-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. இவ்வளவு இருந்தும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது தொடர்பாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு உயிரிழந்தார்கள். அன்று நம்மில் யாரும் சிரிக்கவில்லை.

இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அதே நூலில் மற்றொரு கடிதத்தையும் பதிவு செய்கிறார்கள். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் காலத்தில் (கி.பி. 717–720) பஸராவின் ஆளுநர் அதீ இப்னு அர்தாத், சிலர் சற்று வதைக்கப்பட்டால்தான் செலுத்த வேண்டியதைச் செலுத்துகிறார்கள் என்று எழுதி அனுமதி கோரினார். மனிதர்களை வதைக்க என்னிடமா அனுமதி கேட்கிறீர், அல்லாஹ்வின் தண்டனையிலிருந்து உம்மைக் காக்க நான் என்ன கேடயமா என்ற கருத்தில் கலீஃபா பதில் எழுதினார்கள். தருபவரிடம் பெற்றுக்கொள்ளுமாறும், மறுப்பவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுமாறும் கட்டளையிட்டார்கள். அவர்கள் தம் குற்றங்களோடு அல்லாஹ்வைச் சந்திக்கட்டும். அவர்களை வதைத்த பழியோடு நான் அவனைச் சந்திப்பதைவிட அதுவே எனக்கு விருப்பமானது என்று அக்கடிதத்தை முடித்தார்கள்.