களச் சுடுதல் விளையாட்டுகள்

களச் சுடுதல் விளையாட்டுகள் என்பவை, ஒரு மூடிய களத்துக்குள் பலர் ஒரே நேரத்தில் எதிர்த்து ஆடும் முதல்நபர் சுடுதல் வகைக் கணினி விளையாட்டுகள் ஆகும். ஆட்டக்காரர் அனைவரும் ஒரே ஆயுதம், ஒரே உடல்வலுவுடன் தொடங்குவர். சிறந்த ஆயுதங்களும் கவசங்களும் களத்தில் குறிப்பிட்ட இடங்களில் கிடக்கும். வீழ்ந்தவர் உடனே மீண்டும் களமிறங்குவார். 1990களின் பிற்பகுதியில் இவ்வகை உச்சத்தில் இருந்தது.

தோற்றம்

1970களில் நாசாவின் ஏம்சு ஆய்வு மையத்தில் உருவான 'மேஸ் வார்' இவ்வகையின் முன்னோடி. 1987இல் அட்டாரி எஸ்டி கணினிக்கு வெளிவந்த 'மிடி மேஸ்', இசைக்கருவிகளை இணைப்பதற்கான மிடி துளை வழியாகப் 16 கணினிகள் வரை இணைத்தது. 1993 டிசம்பரில் ஐடி சாப்ட்வேர் வெளியிட்ட 'டூம்' உள்ளகப் பிணையத்தில் நால்வர் மோத வழி செய்தது. இம்மோதலுக்கு 'டெத்மேட்ச்' என்று பெயரிட்டவர் அதை உருவாக்கியோரில் ஒருவரான ஜான் ரொமேரோ.

இணையமும் தாமதமும்

1996 சூனில் வந்த 'குவேக்' முழு முப்பரிமாணக் களத்தைத் தந்தது. தொலைபேசி மோடத்தில் ஆடியவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. விசையை அழுத்தினால், செய்தி வழங்கிக்குப் போய்த் திரும்பிய பின்பே திரையில் உருவம் நகர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'குவேக்வேர்ல்டு', வழங்கியின் மறுமொழிக்குக் காத்திராமல் ஆடுபவரின் கணினியே நகர்வை முன்கணித்துக் காட்டியது. பின்னாளைய இணையவழிச் சுடுதல் விளையாட்டுகள் இம்முறையையே பின்பற்றின.

1999 இறுதியில் 'அன்ரியல் டோர்னமென்ட்', 'குவேக் 3 அரீனா' ஆகிய இரண்டும் சில நாள் இடைவெளியில் வெளிவந்தன. குவேக் 3இல் எடுக்கப்பட்ட கவசம் 25 நொடிக்குப் பின் மீண்டும் தோன்றும். அந்த நொடிகளை மனத்துக்குள் எண்ணியபடியே சண்டையிடுவது தேர்ந்த ஆட்டக்காரரின் அடையாளம். குறி தவறாமல் சுடுவதைப் போலவே களத்தின் மீதான கட்டுப்பாடும் வெற்றியைத் தீர்மானித்தது.

விளையாட்டு முனையங்களில்

1997இல் நின்டெண்டோ 64க்கு வந்த 'கோல்டன்ஐ 007', ஒரே தொலைக்காட்சித் திரையை நான்காகப் பிரித்து நால்வரை ஆடவைத்தது. 2001இல் எக்ஸ்பாக்சுடன் வந்த 'ஹேலோ', நான்கு முனையங்களை இணைத்து 16 பேர் வரை ஆட இடமளித்தது. 2004இல் 'ஹேலோ 2' இதை இணையத்துக்குக் கொண்டுசென்றது.

தமிழ்நாட்டுச் சூழல்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகத்து 15 அன்று தொடங்கியது. தொடக்கத்தில் அது சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கே கிடைத்தது. 1998 இறுதியில் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்த பின், பிரவுசிங் சென்டர்கள் சிறு நகரங்களுக்கும் பரவின. மெதுவான இணைப்பு இவ்வகை ஆட்டத்துக்கு ஒவ்வாது. ஆனால் ஒரே அறையில் உள்ள கணினிகளை வடம் வழி இணைத்துவிட்டால் இணையமே தேவையில்லை. 2011ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், இம்மையங்களில் அடையாளச் சான்று பெறுவதையும் பயன்பாட்டுப் பதிவுகளை ஓராண்டு வைத்திருப்பதையும் கட்டாயமாக்கின.

அதே 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரியலூர், பெரம்பலூர் உட்பட எல்லா மாவட்டங்களின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவருக்கும் அப்போது இது உரியதாக இருந்தது. தொடக்க ஆண்டுகளில் அக்கணினிகளில் விண்டோசுடன் 'பாஸ் லினக்சு' இயங்குதளமும் இருந்தது. இது சென்னை சி-டாக் நிறுவனத்தில், டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவானது.

மூல நிரலும் எஞ்சியவையும்

2005 ஆகத்தில் ஐடி சாப்ட்வேர், குவேக் 3இன் மூல நிரலை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. படங்களும் ஒலிகளும் அதில் அடங்கவில்லை. தன்னார்வலர்கள் அவற்றைப் புதிதாக உருவாக்கி 'ஓப்பன் அரீனா' என்ற கட்டற்ற விளையாட்டை அதே ஆண்டில் வெளியிட்டனர். டெபியன் களஞ்சியத்தில் கிடைக்கும் இது பழைய கணினியிலும் இயங்கும். குவேக் இயக்கியின் வழிவந்த 'சொனாட்டிக்' இன்னொரு கட்டற்ற விளையாட்டு.

அன்ரியல் டோர்னமென்ட்டின் கதை வேறு. எபிக் கேம்சு 2022 டிசம்பரில் அதன் விற்பனையை நிறுத்தியது. 2023 சனவரியில் வழங்கிகளையும் மூடியது. பணம் கொடுத்து வாங்கியவரும் நிறுவனத்தின் வழங்கி வழியாக ஆட முடியாமல் போனது. 'ஓல்ட்அன்ரியல்' எனும் இரசிகர் குழுவின் திருத்தங்களால்தான் அந்த ஆட்டம் தொடர்கிறது. இணையவழியில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு பெரும்பாலும் வழங்கி இல்லாமல் இயங்காது. அந்த வழங்கியை ஆடுபவர்கள் தாங்களே நிறுவ முடிந்தால் மட்டுமே, நிறுவனம் கைவிட்ட பிறகும் விளையாட்டு நிலைக்கிறது.